இருபத்து நான்கு பேர்

"ஆண்டிறுதிப் பாராட்டு விழாவின் அணிவகுப்பில், ஒரே விதமான சீருடையணிந்த, இருபத்து நான்கு பேருக்குக் குறையாத அணியொன்றை நிறுத்தாத எந்தப் பாடசாலைக்கும் கேடயம் வழங்கப்படலாகாது."

இது எங்கள் வட்டாரக் கல்வி அலுவலகம் ஒரு காலத்தில் அனுப்பிய சுற்றறிக்கையின் ஆறாம் பந்தி. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். நானும் முப்பது வருடங்களுக்கு மேல் கல்வி அலுவலகங்களில் இருந்து, இதுபோன்ற பந்திகளை எழுதிக் கையெழுத்துக்கு வைத்து, யாராவது தவறிப்போய்க் கேள்வி கேட்டால் "மேலிடத்தில் வினவி அறிவிக்கப்படும்" என்று பதில் போட்டு ஓய்வு பெற்றவள்தான். நல்ல பந்தி என்றால், யாரைத் தடுக்க வேண்டுமோ அவரைப் பெயர் சொல்லாமல் தடுக்க வேண்டும். அந்த அளவுகோலில் ஆறாம் பந்தி மிக நல்ல பந்தி. அதில் ஒரே ஒரு குறைதான் இருந்தது. அதைக் கண்டுபிடித்தவருக்கு எழுத்து வாசனையே கிடையாது.

சென்ற டிசம்பரில் எங்கள் கல்வி வலயத்தின் ஆண்டிறுதி விழாவில் ஓய்வுபெற்றோர் வரிசையில் எனக்கும் ஒரு நாற்காலி தந்திருந்தார்கள். மேடையில் பெரிய திரை. தோட்டப் பாடசாலைகளிலிருந்து பல்கலைக்கழகம் போகிற பிள்ளைகளின் முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன. பிள்ளைகள் எல்லாரும் ஒரே வெள்ளைச் சீருடையில், காலில் சப்பாத்துடன். பக்கத்தில் இருந்த இளம் அதிகாரி, "மெடம், உங்க காலத்துலயும் இப்படி விழா வைப்பாங்களா?" என்று கேட்டார். வைப்பார்கள் என்றேன். மீதியைச் சொல்ல நேரமில்லை, பேச்சாளர்கள் நிறைய இருந்தார்கள். அதனால் எழுதுகிறேன்.

எங்கள் தேயிலைத் தோட்டம் இலங்கை மலைநாட்டில் லிந்துலைக்கு மேலே இருந்தது. தோட்டப் பள்ளிக்கூடங்களை அரசாங்கம் பொறுப்பேற்றுச் சில வருடங்களே ஆகியிருந்தன. பொறுப்பேற்றதற்கு அடையாளமாகச் சுவரில் ஒரு புதுப் பெயர்ப்பலகையும், மேசையில் நிறையப் படிவங்களும் வந்திருந்தன. மற்றபடி அதே நீள அறை, அதே தகரக் கூரை, ஐந்து வகுப்புகளுக்கும் சேர்த்து அதே ஒரு மாஸ்டர். மழை பெய்தால் மாஸ்டரின் வாய் அசையும், சத்தம் வராது. அந்த நேரங்களில் நாங்கள் மிகவும் கவனமாகப் படித்தோம்.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துவிடும். ஆறாம் வகுப்புக்குத் தலவாக்கலைக்குப் போக வேண்டும். அவ்வளவு தூரம் இறங்கி ஏற பெண்பிள்ளைகளை யாரும் அனுப்பமாட்டார்கள். ஆகவே ஐந்து முடித்த பெண் வீட்டில் இருந்து தம்பி தங்கைகளைப் பார்ப்பாள். கை கொழுந்துக்கு எட்டும் உயரம் வந்ததும் கூடையை மாட்டிக்கொள்வாள். இது எந்தச் சுற்றறிக்கையிலும் எழுதப்படாத விதி. எழுதப்படாததால் யாரும் மீறியதில்லை. அந்த வருடம் நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தேன்.

எங்கள் பள்ளிக்கூடத்திடம் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றே ஒன்று இருந்தது. பிள்ளைகள் தவறாமல் வந்தார்கள். இதற்குக் காரணம் மாஸ்டர் அல்ல, பெரட்டு. காலையில் வேலை பிரித்துக் கொடுப்பதற்காகத் தோட்டத்து ஆட்கள் எல்லாரும் கூடி நிற்கிற இடம் அது. அங்கே கங்காணி பேர் கூப்பிட்டு முடித்ததும் பெண்கள் தங்களுக்குள் இன்னொரு பெரட்டு நடத்துவார்கள். எவளுடைய பிள்ளை அன்று பள்ளிக்கூடம் போகவில்லையோ அவள் பாடு திண்டாட்டம்.

"ஏ புள்ள, ஒம் மகனுக்கு இன்னைக்குப் பேர் இல்லையா?"

"காய்ச்சலுக்கா."

"காய்ச்சலா? இப்பத்தான் கொய்யா மரத்துல பார்த்தேன். காய்ச்சல் மரம் ஏறுமா?"

மலை முழுக்கச் சிரிக்கும். மறுநாள் காய்ச்சல் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிடும். இந்த இரண்டாவது பெரட்டைத் தொடங்கிவைத்தவர் என் அம்மா என்பது எனக்குத் தெரியும். அதில் எனக்குப் பெருமை இருந்ததில்லை. காய்ச்சல் வராத ஒரே பிள்ளை நான்தான்.

அந்த ஆண்டு முடிவில், வட்டாரத்திலேயே வரவு அதிகமான பாடசாலைக்குரிய கேடயம் எங்களுக்கு என்று அலுவலகத்திலிருந்து செய்தி வந்தது. கூடவே சுற்றறிக்கை. விழா சனிக்கிழமை, தலவாக்கலையில். சுற்றறிக்கையில் போட்டிருந்த திகதி ஒரு மாதம் முந்தியது. அது எங்கள் மாஸ்டர் கையில் கிடைத்தது வியாழக்கிழமை பின்னேரம். அலுவலகத்துக்கும் எங்கள் மலைக்கும் இடையில் எட்டு மைல். தபால் அவசரப்படவில்லை.

மாஸ்டர் நேரே எங்கள் வரிசை வீடுகள் இருந்த லயத்துக்கு வந்துவிட்டார். வேலை முடிந்து வந்த பெண்கள் பீலியடியில் கொட்டும் ஊற்றுநீரில் கைகால் கழுவிக்கொண்டிருந்தார்கள். அவர் கையில் தாளைப் பிடித்துக்கொண்டு நின்றது, சாவுச் செய்தி கொண்டுவந்தவர் மாதிரி இருந்தது.

"கேடயம் நமக்குத்தான். ஆனா வாங்க முடியாது" என்றார்.

சீருடை வேண்டும். எங்களில் வெள்ளைச் சட்டை வைத்திருந்தவர்கள் ஆறு பேர். அதிலும் இரண்டு பேர், ஒரே சட்டையை மாற்றி மாற்றிப் போடுகிற அண்ணன் தம்பி. அவர் ஆறாம் பந்தியை வாசித்தார். பிறகு ஒன்பதாம் பந்தியையும் வாசித்தார். கேடயம் பெறும் பாடசாலைக்கு அடுத்த வகுப்பை ஆரம்பிக்க முன்னுரிமை வழங்கப்படும் என்று அதில் இருந்தது. அதாவது எங்களுக்கு ஆறாம் வகுப்பு.

"அணிவகுப்புன்னா என்னாங்க?" என்று கேட்டார் என் சித்தி.

"பரேட்" என்றார் மாஸ்டர்.

"பெரட்டா?" என்றார் காது மந்தமான கங்காணி. "அது தெனமும்தான் நடக்குது. அதுக்கெதுக்குக் கேடயம்?"

எல்லாரும் சிரித்தார்கள். மாஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. அப்போது அம்மா என் கையில் குடத்தைக் கொடுத்து, "நீ தண்ணிய வீட்டுல வச்சுட்டுத் தம்பியப் பாரு" என்று அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகு அங்கே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. எனக்கு அப்போது இருந்த கவலை வேறு. போன வருடம் விழாவுக்குப் போன பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குத் தின்னப் பணிசும் கேக்கும் கொடுத்ததாகக் கேள்விப்பட்டிருந்தேன்.

சனிக்கிழமை காலை மலையிலிருந்து இறங்கினோம். எனக்கு இருந்ததில் நல்ல கவுண். அம்மாவைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்தது. இடுப்பில் சுற்றிய படங்குச் சாக்கு, மழைக்குத் தலையில் போர்த்துகிற கொங்காணி, முதுகில் கூடை. வேலைக்குப் போகிற கோலம். சித்தியும் அப்படியே. அவர்களுக்குப் பின்னால் வந்த ஒவ்வொருத்தியும் அப்படியே.

"அம்மா, இது அந்தப் பெரட்டு இல்ல" என்றேன். "நல்ல சீலை கட்டிக்கிட்டு வாங்க."

"நட" என்றார் அம்மா.

அப்பாவிடம் ஓடினேன். அவர் வாசலில் தம்பியை வைத்துக்கொண்டு நின்றார். "ஒங்கம்மாகிட்ட நான் பேச முடியுமா? நீயே சொல்லு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிரிப்பை மறைத்தார் என்று இப்போது நினைக்கிறேன்.

எங்கள் ஊர்ப் பேச்சில் பேர் என்றால் ஒரு நாள் வேலை. ஒரு பேர், அரைப் பேர் என்றுதான் சொல்வோம். அன்று அந்தப் பெண்கள் தங்கள் பேரை விட்டுவிட்டுத்தான் மலை இறங்கினார்கள். எனக்கு அது கண்ணில் படவில்லை. பாதை முழுவதும், கேடயம் வாங்க வந்த இடத்தில் எங்களைப் பார்த்து எல்லாரும் சிரிக்கப்போகிறார்கள் என்ற நினைப்பு மட்டும்தான்.

சிரிக்கத்தான் செய்தார்கள். தலவாக்கலை மைதானத்தில் பந்தல் போட்டு, காகிதக் கொடி கட்டி, ஒலிபெருக்கி வைத்திருந்தார்கள். பட்டணத்துப் பாடசாலைகள் பாண்ட் வாத்தியத்தோடு வந்திருந்தன. புலமைப் பரிசிலுக்கு ஒரு கிண்ணம், ஓட்டத்துக்கு ஒன்று, பாடசாலைத் தோட்டத்துக்கு ஒன்று, கையெழுத்துக்கு ஒன்று என்று மேசை நிறைய மினுங்கியது. நான் பிற்காலத்தில் எத்தனையோ விழாக்களை ஒழுங்கு செய்திருக்கிறேன். அத்தனை சிறிய வட்டாரத்தில் அத்தனை பேருக்கு ஏதாவது ஒன்றில் முதலிடம் கண்டுபிடித்துக் கொடுத்த அந்த அலுவலகத்தை இன்றும் மெச்சுகிறேன். அது லேசான வேலை அல்ல.

அணிவகுப்பு தொடங்கியது. வெள்ளை வெள்ளையாகப் போனார்கள். எங்கள் முறை கடைசி. மாஸ்டர் பள்ளிக்கூடப் பெயர் எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நின்றார். அவருக்குப் பின்னால் பெண்கள் வந்து நின்றார்கள். நிரைக்கு ஆறு பேர், நான்கு நிரை. யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை. தேயிலை மலையில் ஒருத்தி தன் நிரையை விட்டு அடுத்தவள் நிரைக்குள் போனால் என்ன நடக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். பிள்ளைகள் நாங்கள் கலர் கலராகப் பின்னால் ஒதுங்கி நின்றோம்.

ஒலிபெருக்கிக்காரர், "அடுத்ததாக…" என்றார். பிறகு, "அடுத்ததாக…" என்றார். பிறகு இருமினார்.

"பெரட்டுக்கு வந்துட்டாளுகடா!" என்று எங்கேயோ ஒரு குரல். மைதானம் வெடித்துச் சிரித்தது.

அவர்கள் நடந்தார்கள். பட்டணத்துப் பிள்ளைகள் மேளத்துக்குக் கால் வைத்தார்கள். இவர்களுக்கு மேளம் நின்றுவிட்டது, அடித்தவர்களும் சிரித்துக்கொண்டிருந்ததால். மேளமில்லாமல், பக்கத்தில் பார்க்காமல், ஈரப் புல்லில் வெறுங்காலோடு இருபத்து நான்கு கூடைகள் ஒரே உயரத்தில் போயின. மேடைக்கு முன்னால் வந்ததும் அம்மா கொங்காணியைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளித் தலையைத் திருப்பினார். மற்ற இருபத்து மூன்று தலைகளும் திரும்பின. சிரிப்பு எந்த இடத்தில் நின்றது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பந்தலின் இடது பக்கத்தில் யாரோ கைதட்டத் தொடங்கினார்கள். அந்தப் பக்கம் இருந்தவர்கள் பெரும்பாலும் தோட்டத்துத் தாய்மார்.

வட்டாரக் கல்வி அதிகாரி மேடையிலிருந்து இறங்கி வந்தார். கண்ணாடி போட்ட, மெலிந்த மனிதர். அவருக்குப் பின்னால் சுற்றறிக்கைக் கட்டோடு அலுவலகத்தின் தலைமை எழுத்தரான பிரதம இலிகிதர்.

"மே மொகக்த?" என்று முதலில் சிங்களத்தில் தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். பிறகு தமிழில், "இதென்ன? யாரம்மா உங்களை இங்கே வரச் சொன்னது?"

மாஸ்டர் வாயைத் திறப்பதற்குள் அம்மா முன்னால் வந்துவிட்டார்.

"பெரட்டுன்னாங்க சார். நாங்க பெரட்டுக்கு இப்படித்தான் வருவோம்."

எனக்கு நிலம் பிளந்து என்னை விழுங்கினால் தேவலை போலிருந்தது.

"இது பிள்ளைகளுடைய அணிவகுப்பு."

"அப்படிங்களா சார்? பிள்ளைங்கதான் வரணும்னு எழுதியிருக்குங்களா?"

அதிகாரி கையை நீட்டினார். பிரதம இலிகிதர் தாளைக் கொடுத்தார். அதிகாரி ஆறாம் பந்தியை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி வாசித்தார்.

"சேர், பேர் என்றால் மாணவர் என்றுதான் அர்த்தம்" என்றார் பிரதம இலிகிதர்.

"அப்படி என்றால் அப்படி எழுதியிருக்க வேண்டும். எழுதியது யார்?"

பிரதம இலிகிதர் தன் சப்பாத்தைப் பார்த்தார்.

"சீருடை…" என்று இழுத்தார் பிறகு.

அதிகாரி நான்கு நிரைகளையும் ஒரு தடவை பார்த்தார். "எனக்கு எல்லாம் ஒரே விதமாகத்தான் தெரிகிறது" என்றார்.

ஆனாலும் அவர் அதிகாரி. பந்திக்கு விளக்கம் சொல்லும் அதிகாரம் தமக்கு இல்லை என்றும், மேலிடத்தில் வினவி அறிவிக்கப்படும் என்றும், அதுவரை கேடயம் அலுவலகத்தில் இருக்கும் என்றும் சொன்னார். பிழை சொல்வதற்கில்லை. அவர் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதையே செய்திருப்பேன், செய்தும் இருக்கிறேன். மேசையில் மிஞ்சியிருந்த ஒரே கேடயம் மேசைக்கு அடியில் போனது.

பணிசும் கேக்கும் கிடைத்தன. அழுதுகொண்டே தின்றேன். திரும்பி ஏறும்போது, "நீங்க ஒழுங்கா சீலை கட்டிக்கிட்டு வந்திருந்தா கேடயம் கொடுத்திருப்பாங்க" என்றேன். அம்மா கூடையைச் சரிசெய்துகொண்டு முன்னால் ஏறினார். சித்திதான், "வாய மூடு. கூடைக்குள்ள போட்டுக் கட்டிருவேன்" என்றார்.

ஜனவரியில் பள்ளிக்கூடம் தொடங்கியது. பதில் வரவில்லை. ஆறாம் வகுப்புக்கு அனுமதி இல்லாததால் ஆறாம் வகுப்பு இல்லை. ஆறாம் வகுப்பு இல்லாததால் ஐந்து முடித்த நாங்கள் ஏழு பேர் வீட்டில் இருந்திருக்க வேண்டும். ஆனால் முதல் நாள் காலையிலேயே அம்மா என்னையும் மற்ற ஆறு பேரையும் கூட்டிக்கொண்டுபோய்ப் பள்ளிக்கூட வாசலில் விட்டார்.

"அனுமதி வரலையே" என்றார் மாஸ்டர்.

"வராதுன்னும் வரலைங்களே" என்றார் அம்மா.

கடைசி ஜன்னலடியில் உட்கார ஒரு நீள வாங்கு எங்களுக்கானது. வரவு பதிகிற இடாப்பில் எங்கள் பெயர் இல்லை. வரவுக்குக் கேடயம் வென்ற பாடசாலையில், வரவே பதியப்படாத ஏழு பேர் ஒரு நாளும் தவறாமல் வந்தோம். மேற்பார்வைக்கு யாராவது மலையேறி வருவது தெரிந்தால் மாஸ்டர் எங்களை வெளியே அனுப்பிக் கரட் பாத்தியில் களை பிடுங்கச் சொல்வார். கரட் நன்றாக விளைந்தது. அம்மா தினமும் பின்னேரம் என்னிடம் கேட்பது ஒரே கேள்வி. "இன்னைக்கும் ஒக்கார விட்டாங்களா?" என்ன படித்தாய் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அம்மாவுக்குப் படிப்பில் அக்கறை இல்லை என்று எனக்கு மனத்தாங்கல்.

பல வருடங்களுக்குப் பிறகு, நான் வேலை பார்த்த அலுவலகத்தில் காலங்கடந்த ஆவணக் கோவைகளை அழிக்க ஒரு குழு போட்டார்கள். அழிப்பதற்கும் ஒரு நடைமுறை உண்டு. ஒவ்வொன்றையும் திறந்து பார்த்து, தேவையில்லை என்று கையெழுத்திட வேண்டும். யாரும் திறந்து பார்ப்பதில்லை, நான் பார்ப்பேன். அப்படி ஒரு கோவையில் எங்கள் மாஸ்டரின் கையெழுத்தைக் கண்டேன். அந்த அணிவகுப்புக்காக அவரிடம் அலுவலகம் விளக்கம் கேட்டிருக்கிறது. அவர் எழுதியிருந்த பதில் இது:

"மேற்படி அணியை ஒழுங்கு செய்தவர் ஐந்தாம் வகுப்பு மாணவி ஒருவரின் தாயார். அவருக்கு எழுத வாசிக்கத் தெரியாது. ஆறாம் பந்தியை என்னை மூன்று முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். மூன்றாம் முறை, 'பிள்ளைங்கன்னு எங்கயாச்சும் வருதா?' என்றார். வரவில்லை என்றேன். 'சீருடைன்னா எல்லாரும் ஒண்ணு மாதிரி உடுத்துறதுதானே?' என்றார். ஆம் என்றேன். 'யாராச்சும் கேட்டா நீங்க பேசாதீங்க மாஸ்டர், ஒங்க வேலைக்கு ஆபத்து. பெரட்டுன்னு நெனச்சு வந்துட்டோம்னு நான் சொல்லிக்கிறேன்' என்றார். ஒன்பதாம் பந்தியை மறுபடி வாசிக்கவா என்று கேட்டேன். வேண்டாம், அது மனப்பாடமாகிவிட்டது என்றார்."

பட்டம் பெற்றவர்கள், சட்டம் படித்தவர்கள் எனக்குக் கீழும் மேலும் வேலை செய்திருக்கிறார்கள். ஒரு பந்தியில் இல்லாத சொல்லைக் காதால் கேட்டே கண்டுபிடித்தவர் எவரையும் நான் சந்தித்ததில்லை. அந்தக் கோவை தேவையில்லை என்று நான் கையெழுத்திடவில்லை. என் பணிக்காலத்தில் தெரிந்தே செய்த ஒரே நடைமுறை மீறலாக, அதை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

மேலிடத்தின் பதிலும் அதில் இருக்கிறது. ஆறாம் பந்தியில் 'மாணவர்' என்னும் சொல் இடம்பெறாமையாலும், அணியினர் யாவரும் ஒரே விதமாக உடுத்தியிருந்ததை வட்டார அதிகாரி எழுத்தில் உறுதிப்படுத்தியுள்ளமையாலும், அணி தகுதியுடையதாகக் கொள்ளப்படுகிறது. ஒன்பதாம் பந்தியின்படி ஆறாம் வகுப்பை ஆரம்பிக்கலாம். இனிவரும் சுற்றறிக்கைகளில் மேற்படி சொல் தவறாது சேர்க்கப்படும்.

அந்தப் பதில் வந்த அன்று மாஸ்டர் வகுப்பை அப்படியே விட்டுவிட்டு மலைக்கு ஏறினார். நாங்கள் ஏழு பேரும் பின்னால் ஓடினோம். கொழுந்து நிரைகளின் தலைமாட்டில் நின்று, மூச்சு வாங்க, கடிதத்தை முழுவதுமாக வாசித்தார். பெண்கள் கூவினார்கள். சித்தி கொங்காணியைக் கழற்றி வீசினார். கங்காணி, "என்னவாம், என்னவாம்?" என்று ஒவ்வொருத்தியிடமும் கேட்டுக்கொண்டு நடந்தார். அம்மாவின் கை மட்டும் கொழுந்தை விட்டு எழவில்லை.

"நல்லதுங்க மாஸ்டர்" என்றார். "ஏழாவதுக்கு எப்ப எழுதப் போறீங்க?"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குத் திக்கென்றது. ஆறாம் வகுப்போடு முடிந்துவிடும் என்றல்லவா நம்பியிருந்தேன். அதே அறையில், மாஸ்டரின் அதே பிரம்புக்கு முன்னால் இன்னும் ஒரு முழு வருடம். இந்த அம்மா எனக்கு ஏன் இப்படிச் செய்கிறார் என்று நிரைக்கு நடுவிலேயே உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதேன்.

"பாருக்கா, சந்தோசத்துல அழுவுது" என்றார் சித்தி.

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். கை நிறைந்த கொழுந்தைத் தோளுக்கு மேலாகக் கூடைக்குள் போட்டுவிட்டு அடுத்த செடிக்கு நகர்ந்தார். அன்று ஜூன் மாதம் பதினான்காம் திகதி; ஏழாம் வகுப்புக்கு இன்னும் ஆறரை மாதம் இருந்தது.